வீடுகள் நெருங்கிய வருஷம்

கூடப்பாறையில் வீடுகள் நகரத் தொடங்கிய சேதியை முதலில் சொன்னது ஒரு கொடிக்கயிறு. எட்டாம் நம்பர் வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து ஒன்பதாம் நம்பர் வீட்டு ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டியிருந்த நைலான் கயிறு ஐப்பசி முழுக்க விறைப்பாக நின்றது, கார்த்திகை பிறந்து பத்து நாளில் தொய்ந்தது, மாதம் முடிவதற்குள் அதில் காயப்போட்ட சேலைகளின் ஓரம் மண்ணில் புரளத் தொடங்கியது. கயிற்றைக் கட்டியவர்கள் கயிறு இளகிவிட்டது என்று நினைத்து அவிழ்த்து இழுத்துக் கட்டினார்கள். மூன்றாம் முறை இழுத்துக் கட்டியபோது மிச்சமான கயிறு ஓர் ஆட்டைக் கட்டிப்போடப் போதுமானதாக இருந்தது. அப்போதுதான் ஓவர்சியர் பரிமளம் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முப்பது அடி இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திநாலே கால் அடி இருந்தது.

அந்த முப்பது அடி பரிமளம் சண்டை போட்டு வாங்கிய அளவு. பழைய கூடப்பாறையில் நாற்பத்தொரு வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு, கூரையோடு கூரை உரசிக்கொண்டு வரிசையாக நின்றன. சுற்றிலும் இலவந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் ஆள் உயரத்துக்குப் போதைப்புல், புல்லைத் தாண்டினால் காடு. மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனியில் மலையில் பிடித்த தீ புல்லில் இறங்கி, புல்லிலிருந்து இலவுக்குத் தாவி, வெடித்த காய்களின் பஞ்சு பொறி பொறியாகக் காற்றில் ஏறி ஓட்டுச் சந்துகளில் நுழைந்து, ஓர் உலை கொதிக்கிற நேரத்துக்குள் நாற்பத்தொரு வீடுகளையும் எரித்துவிட்டது. பாதிப்பேர் கீழ்நாட்டில் சொந்தக்காரர்களை நம்பிப் போய்ச் சேர்ந்துவிட, போக இடமில்லாத இருபத்திரண்டு குடும்பங்களுக்குப் புது வீடு கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த உத்தரவோடு, தோளில் ஒரு பையும் கையில் சுருட்டிய வரைபடமுமாக, ஐம்பத்திரண்டு வயதுப் பரிமளம் பால் வண்டியில் வந்து இறங்கினாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அம்மா இருந்தாள். அதன்பிறகு ஊர் ஊராக மாற்றலில் போய், போன ஊரிலெல்லாம் மற்றவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்துவிட்டு, வாடகை அறையைக் காலி செய்து திரும்புவதே அவள் பிழைப்பாக இருந்தது. கூடப்பாறையில் அவள் ஒவ்வொரு வீட்டையும் காங்கிரீட் தளம் போட்டு, சந்து பொந்து இல்லாமல் பூசி, காற்றுத் துவாரங்களுக்குப் பொறி நுழையாத கம்பிவலை அடித்து, ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே முப்பது அடி வெறும் மண்ணாகக் கிடக்கும்படி வைத்தாள். அந்த முப்பது அடியில் விறகு அடுக்கக்கூடாது, கீற்றுப் போடக்கூடாது, மரம் வைக்கக்கூடாது, விழுகிற சருகை அன்றன்றே கூட்டிவிட வேண்டும். கடைசி வீட்டுக்கு மேலே, காட்டை ஒட்டி, சிமெண்டு மூட்டைகள் வைக்க, அதே முப்பது அடி தள்ளி, சுற்றிலும் வெறும் மண்ணோடு ஒரு கட்டடம் கட்டியிருந்தாள். விரிசல் கிரிசல் வந்தால் பார்ப்பதற்கு ஒரு வருஷம் இங்கேயே இருக்கும்படி ஆபீசில் சொன்னதும், மூட்டைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அதில் ஒரு கட்டில் போட்டுக் குடியேறினாள். அது இருபத்திமூன்றாம் நம்பர் வீடானது.

இருபத்திநாலே கால் அடி. டேப் தவறாக இருக்கும் என்று சங்கிலியால் அளந்தாள், சங்கிலியும் அதையே சொன்னது. மறுநாள் அளந்தால் இன்னும் ஆறு விரற்கடை குறைந்திருந்தது. எட்டும் ஒன்பதும் மட்டுமல்ல, இருபத்திரண்டு வீடுகளுமே நடுவை நோக்கி நாளுக்கு ஆறு விரற்கடையாவது, ஓரத்து வீடுகள் அதைவிடக் கூடுதலாகவும், போய்க்கொண்டிருந்தன. அஸ்திவாரக் கல்லோடும், வாசற்படியோடும், படியில் போட்ட கோலத்தோடும் போயின. பின்னால் விட்டுப்போன மண், உழுது பரம்படித்த வயல் மாதிரி வழவழவென்று இருந்தது. எல்லோரும் ஏலக்காட்டுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வேலைக்குப் போய்விட்டு, ஊரில் நாய்கூடப் படுத்துவிடுகிற உச்சிப்பொழுதில்தான் அவை நகர்ந்தன. பரிமளம் ஒருநாள் முழுக்க ஒரு குடையை விரித்து உட்கார்ந்து பார்த்தாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வியர்வையைத் துடைக்க முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோய் எடுத்த நேரத்துக்குள் ஆறு விரற்கடை போயிருந்தது.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. முதல் வாரம் பேசினார்கள், இரண்டாம் வாரம் பழகிக்கொண்டார்கள், மூன்றாம் வாரம் அதற்கேற்ப வேலைகளை மாற்றிக்கொண்டார்கள். குடிதண்ணீர்க் குழாய் இழுபட்டு உடைந்தபோது, ஆளுக்கு ஒரு சுருள் ரப்பர் குழாய் வாங்கி மாட்டிக்கொண்டு, வீடு எவ்வளவு போகிறதோ அவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள். கக்கூஸ் குழி பழைய இடத்திலேயே நின்றுவிட்டதால் அதற்கு நடந்து போகிற தூரம் நாளுக்கு நாள் கூடியது, அதற்கும் முணுமுணுக்கவில்லை. கோழிகள்தான் பாவம், சாயங்காலம் பழைய இடத்துக்கே போய் வெறும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு வீட்டைத் தேடின, அவற்றைத் தூக்கி வந்து விடுவது பிள்ளைகளின் வேலையானது. பதினொன்றாம் நம்பர் வீட்டு எலுமிச்சைச் செடி நகராமல் நின்று கடைசியில் பன்னிரண்டாம் நம்பர் வாசலுக்கு வந்து சேர்ந்ததில் மட்டும் ஒரு தகராறு கிளம்பி, காய் இவர்களுக்கு இலை அவர்களுக்கு என்று தீர்ந்தது.

லைன்மேன் அழகர்சாமி மாதம் இருமுறை கீழேயிருந்து வந்து கம்பத்து ஒயரை வெட்டி வெட்டி ஒட்டினான்.

"ஏம்மா, ஒங்க வீடு எதுக்கு நகருது?" என்று ஏணியில் நின்றபடி அவன் பரிமளத்திடம் கேட்டான்.

"தெரியலப்பா."

"தெரியலன்னு எப்படி எழுதுறது? எனக்கு ரிஜிஸ்தர்ல காரணம் போடணும்ல?"

பரிமளமும் காரணம் எழுத வேண்டியிருந்தது. ஆபீசுக்கு அவள் அனுப்பிய கடிதத்தை வாசித்த பெரிய எஞ்சினியர் போனில் கூப்பிட்டு, வீடு நகர்ந்தது என்று எழுத விதியில் இடமில்லை, மண் இறக்கம் என்று மாற்றி எழுதி அனுப்புங்கள் என்றார். மண் இறங்கவில்லை, சார், வீடுதான் பக்கவாட்டில் போகிறது என்றாள் அவள். பக்கவாட்டு மண் இறக்கம் என்று எழுதுங்கள் என்றார் அவர்.

ஊர்க்காரர்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு அது பிடித்திருந்தது. புது வீட்டுக்கு வந்த புதிதில் அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டில் பிள்ளை சிணுங்கினால் கேட்காது, பழைய ஊரில் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே தூங்கிய குறட்டை கேட்காது, உப்பு கேட்கச் செருப்பு மாட்ட வேண்டும். சிலர் அந்த அமைதியில் தூக்கம் வராமல் டிவியைப் போட்டுவிட்டுப் படுத்தார்கள். இப்போது இடைவெளி பதினைந்தடியானதும் பேச்சு கேட்டது, பத்தடியானதும் குழம்பு மணத்தது, ஆறடியானதும் ஜன்னலுக்கு ஜன்னல் கிண்ணம் கைமாறியது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ஒரே சாரத்தில் நின்று இரண்டு வீட்டுச் சுவரையும் அடித்தார்கள். பிறகு, வெயில் ஏற ஏற, இரண்டு சுவருக்கும் நடுவே கீற்றுப் போட்டுக்கொண்டார்கள். கீற்றின் நிழலில் விறகை அடுக்கினார்கள். விறகின் மேல் இலவம்பஞ்சு மூட்டைகளை ஏற்றினார்கள்.

பரிமளம் தடுத்துப் பார்த்தாள்.

வீடுகளின் நாலு மூலைக்கும் கருங்கல் நட்டாள், வீடுகள் கல்லைத் தள்ளிக்கொண்டு போயின. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், மோர் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் ஊர்த்தலைவர் பெத்தணனிடம் கேட்டுக் கூட்டம் போட்டாள். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், கீற்று நிழலிலேயே எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் வெயிலில் நின்றுகொண்டு பேசினாள்.

"ஒரு வீட்ல பொறி விழுந்தா அந்த ஒரு வீட்டோட நிக்கணும். அதுக்குத்தான் முப்பது அடி. இப்ப நீங்க உக்காந்திருக்கிற இந்தக் கீத்து இருக்கே, இது கீத்து இல்ல, திரி. ஒரு முனையில பத்துனா மறு முனை வரைக்கும் போகும். வீடு நகர்றத என்னால நிறுத்த முடியல. கீத்தையும் விறகையும் மூட்டையையுமாவது எடுத்துருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

பிறகு சிவனாயி எழுந்தாள்.

சிவனாயி இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுக்காரி, பரிமளத்தைவிட நாலைந்து வயது இளையவள். பழைய தீயில் ஊருக்கு வெளியே மாட்டிச் செத்த இரண்டு பேரில் ஒருவர் அவள் புருஷன்.

"ஓவர்சியரம்மா, நீங்க படிச்சவுக, ஒங்க கணக்கு சரியாத்தேன் இருக்கும்," என்றாள். "அன்னிக்கி நான் காய்ச்சலோட சுருண்டு கெடந்தேன். தீப்பிடிச்சது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டம்மா சொவத்தத் தட்டுனா. நான் எந்திரிச்சு எனக்கு அடுத்த சொவத்தத் தட்டுனேன். அப்படியே தட்டித் தட்டித்தான் நாப்பத்தோரு வீடும் வெளிய வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மேல ஆட்டுக்கெடையில தனியாப் படுத்திருந்தாரு. அவருக்குத் தட்ட ஒரு சொவரு இல்ல." அவள் குரல் உயரவே இல்லை. "எரிஞ்சா வீடு எரியட்டும். தட்டுனா கேக்குற தூரத்துல ஆளு வேணும்மா."

கூட்டம் கலைந்தது. கீற்றுகள் அப்படியே இருந்தன.

அன்றைக்கு மேட்டில் ஏறித் தன் வீட்டுக்குத் திரும்பியபோதுதான், இத்தனை மாதமாக இருபத்திரண்டு வீடுகளையும் தினமும் அளந்தவள் இருபத்திமூன்றை ஒருநாளும் அளக்கவில்லை என்பது பரிமளத்துக்கு உறைத்தது. டேப்பின் நுனியைத் தன் படிக்கல்லில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினாள். ஐம்பதடி டேப் தீர்ந்தது, குறி வைத்து மறுபடி பிடித்தாள். சிவனாயி வீட்டுப் பின்சுவருக்கு எண்பத்தாறு அடி. ஊரே கூடிக்கொண்டிருக்க அவள் வீடு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி, ஒரு விரற்கடைகூட நகராமல் நின்றிருந்தது. நல்லதுதானே என்று வாய்விட்டுச் சொன்னாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானே நின்று பூசிய சுவர், ரசமட்டம் வைத்துப் பூசியது, ஒரு நூல் பிசகில்லை. நான் ஏதாவது தப்பாகக் கட்டினேனா என்று அதனிடம் கேட்கலாம்போல இருந்தது. கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்ட வேலைக்கு விடுமுறை நாள், தீ வந்தது.

அது இம்முறை மலையிலிருந்து இறங்கவில்லை, கிழக்கே ஓடைப் பள்ளத்திலிருந்து ஏறியது. ஏற்றத்தில் தீ ஓடுகிற வேகம் ஆட்டுக்குட்டிக்கும் வராது. ஓடையை ஒட்டிய முதல் வீட்டுக்காரி புகையைப் பார்த்த மாத்திரத்தில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அடுத்த ஜன்னலைத் தட்டினாள், அந்த ஜன்னல் அதற்கடுத்த ஜன்னலைத் தட்டியது, கையும் கரண்டியும் உலக்கையுமாகச் சத்தம் வீட்டிலிருந்து வீட்டுக்குப் பாய்ந்து, பிள்ளைகளையும் படுத்திருந்தவர்களையும் ஒருவர் விடாமல் கிளப்பிக்கொண்டு மேற்கே தார்ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது கீற்றில் தீ பிடித்திருந்தது. பரிமளம் சொன்னபடி அது திரியாகத்தான் எரிந்தது. விறகு பிடித்து, மூட்டைகள் வெடித்து, எரிகிற பஞ்சு மாலையில் பறக்கிற ஈசலைப் போலக் கூட்டம் கூட்டமாக எழுந்து, ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து இன்னொரு வீட்டு ஜன்னலுக்குப் போனது.

பெத்தணன் தலைகளை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள்.

"ஓவர்சியரம்மா எங்க?" என்றாள் சிவனாயி.

யாரும் தட்டியிருக்கவில்லை. தட்டுவதற்கு அங்கே சுவர் இல்லை.

பெத்தணன் பிடிப்பதற்குள் சிவனாயி ஓடிவிட்டாள். தோப்பைச் சுற்றி, புகைக்கு மேல்பக்கமாக ஏறி, இருபத்திமூன்றாம் நம்பர் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். முதல்நாள் ஆபீசில் வாங்கிய திட்டிலும் மலைப்பாதையில் நடந்து திரும்பிய அலுப்பிலும் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பரிமளம், கதவைத் திறந்ததும் முதலில் சிவனாயியைப் பார்த்தாள், பிறகு அவளுக்குப் பின்னால் வானம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றிருந்த புகையைப் பார்த்தாள்.

"வாங்க, ஓடிருவோம்!"

பரிமளம் ஒரே பார்வையில் சரிவை அளந்தாள். சிவனாயி ஏறி வந்த தடத்தில் புல் எரிந்துகொண்டிருந்தது.

"ஓட முடியாது. உள்ள வா."

"உள்ளயா? வீட்டுக்குள்ளயா?"

"வான்னா வா!"

இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினாள். குடத்துத் தண்ணீரில் சாக்குகளை முக்கிக் கதவிடுக்கில் திணித்தாள், திரைத்துணிகளை உருவி எறிந்தாள், சிவனாயியைச் சுவரோரம் தரையில் உட்காரவைத்து ஈரத்துணியை முகத்தில் சுற்றிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே ஒரு பெரிய லாரி ஏற்றத்தில் திணறுகிற மாதிரி சத்தம் கேட்டது. கம்பிவலைக்கு அந்தப்பக்கம் பொறிகள் வந்து மோதி மோதி விழுந்தன. சிவனாயி பரிமளத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துருவோமா?"

"மாட்டோம்."

"எப்பிடிச் சொல்றீக?"

"சுத்தி முப்பது அடி ஒண்ணும் இல்ல. திங்கிறதுக்கு ஒண்ணும் இல்லாத எடத்துல தீ நிக்காது."

"அவரும் இப்பிடித்தான் இருந்திருப்பாரோ?" என்று கொஞ்சம் கழித்துச் சிவனாயி கேட்டாள். "சத்தத்தக் கேட்டுக்கிட்டு?"

பரிமளம் தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையின் மேல் இன்னொரு கையை வைத்தாள். சுவர் சுட்டது, பிறகு சூடு தணிந்தது. தீ இரண்டு பக்கமும் பிரிந்து வீட்டைத் தாண்டி, மேலே வனத்துறைக்காரர்கள் செதுக்கி வைத்திருந்த தடுப்புக் கோட்டில் முட்டிப் படுத்தது. கதவைத் திறந்தபோது முப்பதடிக்கு அப்பால் உலகம் கறுப்பாக இருந்தது.

கீழே ஆறு வீடுகள் எரிந்திருந்தன. காற்று திரும்பியதால் மற்ற பதினாறும் பிழைத்தன. எரிந்த ஆறில் சிவனாயி வீடும் ஒன்று. ஒருவருக்கும் ஒரு காயம்கூட இல்லை.

பரிமளம் சொன்னதும் நடந்தது, சிவனாயி சொன்னதும் நடந்தது. ஆகவே அதைப்பற்றி யாரும் யாரையும் பழிக்கவில்லை. வீடிழந்த ஐந்து குடும்பங்கள் மற்ற வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டன. சிவனாயி கரி பிடித்த ஒரு பித்தளைக் குடத்தையும் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள்.

"நான் இங்கதான இருக்கணும்?" என்று கேட்டாள். பரிமளம் கட்டிலை ஒரு பக்கமாக நகர்த்தினாள்.

அந்த மழைக்காலம் முழுக்க, பிழைத்த பதினாறு வீடுகளும் உச்சிப்பொழுதுகளில் பின்வாங்கின. சண்டை போட்டுக்கொண்ட சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூசி விலகுவதைப்போல, நாளுக்கு ஐந்து விரற்கடை ஆறு விரற்கடை என்று தத்தம் பழைய இடத்தை நோக்கிப் போயின. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. ரப்பர் குழாய்களை இழுத்துச் சுருட்டினார்கள், கோழிகளைத் தூக்கி இந்தப்பக்கம் விட்டார்கள், அழகர்சாமி புது ஒயர் கொண்டுவந்து நீளம் கூட்டினான். எலுமிச்சைச் செடி உரியவர் வாசலுக்கே போய்ச் சேர்ந்தது, ஆனாலும் இலை பறிக்கப் பன்னிரண்டாம் நம்பர்க்காரி வந்துகொண்டுதான் இருந்தாள். வீடுகள் விலக விலக ஆட்கள் நடக்கத் தொடங்கினார்கள். பெத்தணன் ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆள், காலையிலும் மாலையிலும் அடுத்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டிவிட்டு வர வேண்டும், உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டாக வேண்டும். முதலில் வேண்டாவெறுப்பாகத் தட்டினார்கள், பிறகு தட்டிவிட்டு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள்.

பரிமளத்தின் ஒரு வருஷக் கெடு முடிந்திருந்தது. எரிந்த ஆறு வீடுகளைக் கட்டித்தர இன்னொரு வருஷம் நீட்டி உத்தரவு வந்தது.

அந்தப் பத்து மாதங்களைப்போல ஒன்றைப் பரிமளம் அதற்குமுன் வாழ்ந்ததில்லை. சிவனாயி விடியும்போதே யாருடனாவது பேசுகிறவள். ஆள் இல்லாவிட்டால் அடுப்போடு பேசுவாள். பரிமளம் டேப்பும் நோட்டுமாகக் கீழே இறங்கினால், சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, சாந்து குழைக்கிறவர்களைப் பேர்சொல்லி அதட்டி, தளத்துக்குத் தண்ணீர் விட்டார்களா என்று விசாரிப்பாள். ஆடியில் ஓவர்சியரம்மா என்பது போய் அக்கா என்றானது, புரட்டாசியில் யக்கா என்றானது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள வராதவளை ஒருநாள் மணையில் உட்காரவைத்து, "எத்தன வருஷமாச்சு யாராச்சும் ஒங்க தலையத் தொட்டு?" என்று கேட்டாள். பரிமளம் யோசித்தாள். அம்மா போய்ப் பதினேழு வருஷம். "ஞாபகம் இல்ல," என்றாள்.

வீடுகள் எழும்பின. மார்கழியில் ஐந்து வீடுகளில் பால் காய்ச்சினார்கள். இருபத்திரண்டாம் நம்பர் வீட்டில் எல்லாம் முடிந்து, காற்றுத் துவாரங்களுக்குக் கம்பிவலை மட்டும் பாக்கி இருந்தது. கீழே டவுனில் கேட்டிருந்த அளவில் வலை வரவில்லை. தை பிறந்தும் வரவில்லை.

தை எட்டாம் தேதி பால் வண்டிக்காரன் ஒரு சுருள் வலையைக் கொண்டுவந்து கொடுத்தான். சிவனாயி தண்ணீருக்குப் போயிருந்தாள். பரிமளம் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில், சிமெண்டு சாக்குக்குப் பின்னால் தள்ளிவைத்தாள்.

"வல வந்துச்சாக்கா?" என்று அன்றைக்குச் சிவனாயி கேட்டாள்.

"இன்னும் வரல."

வாழ்க்கையில் ஓர் அளவைக்கூட மாற்றி எழுதியறியாதவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். மறுநாளும் சிவனாயி கேட்டாள், மறுநாளும் வரவில்லை என்றாள். மூன்றாம் நாள் சிவனாயி கேட்கவில்லை. பரிமளத்துக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் காற்று மாறியிருந்தது. பனியின் ஈரம் போய், உதட்டை உலர்த்துகிற காற்று ஓடைப்பக்கமிருந்து வந்தது. பல் விளக்க வெளியே வந்த பரிமளம் எதிர்மலையைப் பார்த்தாள். அங்கே, ரொம்ப தூரத்தில், ஊசியில் கோத்த நூல்போல ஒரு புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. அது யாரோ சருகு கொளுத்துகிற புகையாகவும் இருக்கலாம். அவள் கீழே இருபத்திரண்டாம் நம்பர் வீட்டைப் பார்த்தாள். வலையில்லாத துவாரங்கள் நான்கும் திறந்த வாய்கள்போல இருந்தன.

கட்டிலுக்கடியில் குனிந்து சுருளை இழுத்தாள். சுத்தியலையும் ஆணி டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கி, ஆளுக்குக் காத்திராமல் தானே ஸ்டூல் மேல் ஏறி அடிக்கத் தொடங்கினாள். மூன்றாவது துவாரத்தில் இருந்தபோது சிவனாயி வந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வல வந்து நாலு நாளாச்சு, சிவனாயி," என்றாள் பரிமளம், சுவரைப் பார்த்தபடியே.

"தெரியும். அன்னிக்கே கூட்டும்போது பாத்தேன்."

"பாத்தியா? பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

பரிமளம் ஓர் ஆணியை வாயிலிருந்து எடுத்து வலையில் வைத்தாள். முதல் அடி விரலில் பட்டது. சிவனாயி ஸ்டூலை விடவில்லை. நான்காவது துவாரத்தையும் அடித்து முடித்துவிட்டு, ஒரு பொறி நுழைய இடம் இருக்கிறதா என்று விளிம்பு விளிம்பாக விரலால் தடவிப் பார்த்தாள் பரிமளம். இல்லை.

தை கடைசி வெள்ளிக்கிழமை சிவனாயி வீட்டில் பால் பொங்கியது. ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. பித்தளைக் குடமும் தலையணையும் ஒரு நடையில் போய்விட்டன. பரிமளம் மேட்டில் ஏறி, கதவைத் திறந்து, கட்டிலைப் பழையபடி நடுவில் இழுத்துப் போட்டாள். அடுப்பு பேச்சில்லாமல் இருந்தது. பெத்தணனின் ஏற்பாட்டின்படி மாலையில் ஒரு முறை கதவு தட்டப்பட்டது. "இருக்கேன்," என்றாள்.

மாசியில் இலவமரங்கள் மொத்தமாக இலை உதிர்த்தன. காற்று அவற்றை வாரிக்கொண்டு வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே கொட்டியது. பரிமளம் காலையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தன் படிக்கல்லிலிருந்து கீழ்நோக்கிக் கூட்டினாள். கீழேயிருந்து சிவனாயி மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினைந்தடியில் இருவரும் சந்தித்தார்கள். இரண்டு குவியலையும் ஒரே குவியலாக்கிச் சாக்கில் அள்ளினார்கள். சிவனாயி இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்து மரங்களைப் பார்த்தாள்.

"நாளைக்கும் விழுகும்போலக்கா," என்றாள்.

"விழுகும்," என்றாள் பரிமளம்.

சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு இருவரும் சருகு கொட்டுகிற குழிப்பக்கம் நடந்தார்கள்.